பான்ட்ரிப் பலகையில் பில்லர் தெரிகிறது: திருப்பிக் கொடுப்பதா, வைத்துக்கொள்வதா?

மே 11, காலை

திருகோணமலை, லிங்கநகர் அக்கா ஒருவர் கேட்கிறார்:

"குசினிக்குத் தேக்கில் பான்ட்ரி (சமையல் மேடை) மேல்பலகை செய்தெடுத்தோம். கொண்டுவந்து பூட்டிய அன்று நல்ல வடிவாக இருந்தது. எண்ணெய் பூசியதும் அங்கங்கே வெளிறிய புள்ளிகள் எழும்பிவிட்டன. ஒரு இடத்தில் நீளமாக ஒரு கோடும் தெரிகிறது. செய்தவர், மரத்தின் இயல்பு அப்படித்தான் என்கிறார். தங்கச்சியோ, இது பில்லர் (ஓட்டை, வெடிப்பை அடைக்கும் சாமான்) அடித்து ஏமாற்றிய வேலை, பேசாமல் திருப்பிக் கொடு என்கிறாள். யார் சொல்வதைக் கேட்பது?"

அக்கா, படத்தைப் பெருப்பித்துப் பார்த்தேன். புள்ளிகள் பில்லர்தான், சந்தேகமில்லை. அதற்காக ஏமாற்று வேலை என்று சொல்ல மாட்டேன். மரம் என்றால் கணு இருக்கும். கணுவின் நடு சில நேரம் கழன்று விழும், கிளை முறிந்த இடத்தில் உக்கல் இருக்கும். சும்மா ஒரு மேசை என்றால் அதை அப்படியே விடலாம். குசினிப் பலகையில் விட்டால் மீன் கழுவிய தண்ணீர் உள்ளே இறங்கி நாறும். ஆகவே நிரப்பியது சரி. நிரப்பிய நிறம்தான் பிழை.

அந்த நீளக் கோடு வேறு கதை. இரவுக்கு எழுதுகிறேன், பட்டறையில் ஆட்கள் நிற்கிறார்கள்.

மே 11, இரவு

கோட்டுக்கு வருவோம். பலகையின் மேல் குனிந்து பில்லர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள். மரத்தின் ரேகையோடு வளைந்து, ஒரு இடத்தில் அகன்று இன்னொரு இடத்தில் மெலிந்து போனால் அது மரத்திலேயே இருந்த வெடிப்பு. ரேகை எப்படிப் போனாலும் தான் நேரே, ஒரே அகலத்தில் ஓடினால் அது இரண்டு பலகை சேரும் பொருத்து. பொருத்தில் பில்லருக்கு வேலையே இல்லை. இரண்டு விளிம்பையும் சீவுளி போட்டு நேராக்கி, பசை பூசி, கிளாம்ப் போட்டு இறுக்கினால் நகம்கூட நுழையாது. விளிம்பு நேராக இல்லாமல் இருந்திருக்கும், அல்லது இறுக்கம் போதாமல் இருந்திருக்கும். அந்த இடைவெளியை அடைத்துவிட்டு மரத்தின் மேல் பழி போடக்கூடாது.

வட்டமாக, ஒரே அளவில், ஒரே இடைவெளி விட்டுப் புள்ளிகள் வந்தால் அவை ஸ்க்ரூ ஓட்டைகள். அதுவும் மரத்தின் குணம் இல்லை.

உங்கள் படத்தில் கோடு பொருத்தோடுதான் போகிறது. அதைக் காட்டி, பலகையைக் கொண்டுபோய்த் திருத்தித் தாருங்கள் என்று தாராளமாகக் கேட்கலாம். புள்ளிகளுக்காகச் சண்டை பிடிக்காதீர்கள். அவற்றை வீட்டில் வைத்தே சரிக்கட்டலாம்.

மே 12

"பூட்டிய அன்று தெரியாத புள்ளி எண்ணெய் பூசியதும் எப்படி வந்தது?"

சேண்ட் பேப்பர் போட்ட தேக்கு, தூசி படிந்து மங்கிய மண்ணிறத்தில் இருக்கும். டின்னில் வரும் தேக்கு நிறப் பில்லர் அந்த மங்கலோடு அச்சொட்டாகப் பொருந்தும். எண்ணெய் பட்டதும் மரம் குடிக்கிறது, நிறம் இறங்குகிறது. பில்லர் குடிக்காது. மரம் கடும் நிறமாகிவிட, பில்லர் நின்ற இடத்திலேயே வெளிறி நிற்கிறது. டின்னில் எழுதியிருக்கும் தேக்கு, அந்தக் கம்பனிக்காரன் பார்த்த தேக்கு.

நிரப்ப முன் பலகையை ஈரத்துணியால் ஒருக்கால் துடையுங்கள். அப்போது தெரிகிற நிறம்தான், ஏறத்தாழ, எண்ணெய் பூசிய பிறகு வரப்போகும் நிறம். பில்லரை அந்த நிறத்துக்குக் கலக்க வேண்டும். வெட்டி மிஞ்சிய துண்டு ஒன்றில் நிரப்பி, காயவிட்டு, தேய்த்து, எண்ணெய் பூசிப் பார்த்துவிட்டுத்தான் பான்ட்ரியில் கை வைக்க வேண்டும். செய்கிறவரிடம் அந்தத் துண்டைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். காட்ட மாட்டேன் என்கிறவரிடம் வேலை கொடுக்காதீர்கள்.

மே 13

தம்பி ஒருவர் எழுதியிருக்கிறார்: "பிரெட்ரிக் கோட்டைக்குள் திரிகிற மானுக்குப் புள்ளி இருந்தால் நின்று படம் எடுக்கிறோம். பலகைக்கு இருந்தால் மட்டும் ஏன் சண்டை?"

சிரித்துவிட்டேன். ஆனால் விஷயம் அதற்குள்ளேயே இருக்கிறது. மானின் புள்ளி வெள்ளை, அதுதான் கண்ணில் பிடிக்கிறது. மரத்தில் தானாக வரும் குறைகளைப் பாருங்கள்: கணு, பிசின் நரம்பு, வெடிப்புக்குள் விழும் நிழல். எல்லாம் மரத்தைவிடக் கடும் நிறம். அதனால் கடும் நிறப் புள்ளியைக் கண் கணு என்று எடுத்துக்கொண்டு கடந்து போய்விடும். வெளிறிய புள்ளியில் தடுக்கி நிற்கும். எங்கள் பட்டறையில் நிறம் கலக்கும்போது சந்தேகம் வந்தால் ஒரு படி கடுமையாகத்தான் போவோம்.

மே 14

"அதே மரத்தின் தூளை வெள்ளைப் பசையில் குழைத்தால் அதே நிறம் வருமே?"

வராது. பசை ஒவ்வொரு தூளையும் மூடிவிடும், எண்ணெய் உள்ளே போகாது. காய்ந்த பிறகு சாம்பலோ கறுப்போ கலந்த ஒரு நிறம் வரும். அதைவிட மோசம், ஓட்டையைச் சுற்றி விரலால் வழித்த பசை. அது மரத்தின் துவாரங்களை அடைத்துவிட, எண்ணெய் பூசியதும் புள்ளியைச் சுற்றி வெளிறிய வளையம் ஒன்று தெரியும். மெல்லிய ஊசித்துளைக்கு மட்டும் செய்யலாம். அதற்கும் அரிந்த தூள் வேண்டாம், சேண்டிங் மெஷின் பையில் சேரும் மாத்தூள்தான் நல்லது.

மே 16

லிங்கநகர் அக்கா மறுபடி: "வீட்டில் வைத்தே சரிக்கட்டலாம் என்றீர்கள், எப்படி என்று சொல்லவில்லையே."

இரண்டு வழி. சுவரோரம், கை அதிகம் படாத இடம் என்றால் வரையலாம். அரக்குப் பொலிஷில் கொஞ்சம் நிறப்பொடி கலந்து, மெல்லிய தூரிகையால், புள்ளியின் ஒரு பக்கத்து ரேகையை மற்றப் பக்கத்து ரேகையோடு சேர்த்து விடுங்கள். புள்ளி முழுவதையும் மூடிப் பூசாதீர்கள், பிறகு பழுப்புப் புள்ளி ஒன்று கிடைக்கும், அவ்வளவுதான். இரண்டு மூன்று கோடு, நேராக இல்லாமல், ஒன்று கொஞ்சம் தடிப்பாக. விளிம்பு உடைந்தால் போதும். நிமிர்ந்து நின்று பாருங்கள். மூக்கை வைத்துப் பார்த்தால் எதுவும் தெரியத்தான் செய்யும்.

வெட்டுகிற, அரிகிற, தேய்த்துக் கழுவுகிற இடம் என்றால் வரைந்தது நிலைக்காது. அங்கே உளியின் முனையால் பழைய பில்லரைக் கிண்டி எடுத்துவிட்டுக் கடும் நிறத்தில் புதிதாக நிரப்ப வேண்டும். முன்பு பூசிய எண்ணெயை அந்த இடத்தில் தின்னரால் துடைத்துக் காயவிடாவிட்டால் புதுச் சாமான் ஒட்டாது.

மே 21

எபொக்சி, அதாவது இரண்டு பாகத்தைக் கலந்தால் இறுகும் பிசின், அதைப் பற்றிப் பலர் கேட்டிருக்கிறீர்கள். இந்த வாரம் கையில் இருக்கும் பலகையை வைத்தே சொல்கிறேன். நிலாவெளி விடுதி ஒன்றின் தேத்தண்ணி மேடைக்கு முதிரை மரம். பழைய வீட்டிலிருந்து கழற்றிய நிலைமரம். புது முதிரைக்கு அனுமதிப் பத்திரம், அலைச்சல் என்று கதை நீளும், அதில் நான் போவதில்லை.

சீவியதும் பலகையின் நடுவில் ஒரு கணு. பெருவிரல் நகத்தின் அகலம் இருக்கும். கணுவைச் சுற்றி ரேகை விலகி வளைந்து மறுபடி சேர்கிறது. அந்த வளைவில் முதிரையின் மினுக்கம் பார்க்கிற பக்கத்துக்கு ஏற்ப மாறுகிறது. நடுவில் மட்டும் கறுத்த உக்கல், ஊசியால் தொட்டால் பொடியாகக் கொட்டுகிறது. மூடி மறைக்க நினைத்திருந்தால் அந்த ஒரு சாணைத் துண்டாக வெட்டி எறிந்திருப்பேன். அந்த வளைவு போய்விடும் என்றுதான் வைத்தேன்.

உக்கலை முழுதும் கிண்டி, கெட்டி மரம் தட்டுப்படும் வரை சுரண்டினேன். கணு அடிப்பக்கம் வரை ஊடுருவியிருந்ததால் கீழே டேப் ஒட்டினேன். ஒட்டாவிட்டால் எபொக்சி இரவோடு இரவாக வழிந்து நிலத்தில் இறுகிப் போய்க் கிடக்கும். முதலில் நிறம் சேர்க்காத எபொக்சியை மெல்லிதாகக் குழியின் சுவர் முழுக்கப் பூசினேன். இந்த ஒரு வேலையைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். மரத்தின் துவாரங்களில் காற்று நிற்கிறது. அதை முதலில் அடைக்காமல் ஊற்றினால் இறுகும் வரை கொப்புளம் கொப்புளமாக மேலே வரும். தேய்க்கும்போது ஒவ்வொரு கொப்புளமும் ஒரு துளை. பூசியது ஒட்டும் பதத்துக்கு வந்ததும் நிறம் சேர்த்ததை ஊற்றினேன், மட்டத்துக்குக் கொஞ்சம் மேலாகவே. ஆழமான குழியை ஒரே மூச்சில் நிரப்பக்கூடாது, சூடேறி நுரைக்கும் அல்லது வெடிக்கும். இரண்டு தரமாக ஊற்ற வேண்டும்.

நிறத்துக்கு நான் போட்டது இடித்த கோப்பித்தூள். பகிடி இல்லை. சாயம் மட்டும் போட்டால் ஒரே சீரான கறுப்பு வரும், பிளாஸ்டிக் என்று பார்த்ததும் தெரியும். கோப்பித்தூளில் கறுப்பும் மண்ணிறமும் குறுணியாகக் கலந்திருப்பதால் கணுவின் நடுப்பகுதிக்கு நன்றாகப் பொருந்துகிறது. தூள் நன்கு காய்ந்திருக்க வேண்டும். எபொக்சியின் இரண்டு பாகத்தையும் டின்னில் சொன்ன அளவுக்குத் தராசில் நிறுத்துக் கலக்க வேண்டும், கண்ணளவு சரிவராது. அளவு பிழைத்தால் எத்தனை நாள் விட்டாலும் பிசுபிசுப்பாகவே கிடக்கும்.

மறுநாள் உளியால் மேட்டைச் சீவி, 120, 180, 240 இலக்கச் சேண்ட் பேப்பரால் வரிசையாகத் தேய்த்து, அதன் பிறகுதான் எண்ணெய். எண்ணெயைத் துடைத்தெடுக்காமல் அதன் மேல் நிரப்புவது எதுவும் நிற்காது.

மே 22

கையுறை இல்லாமல் எபொக்சியில் கை வைக்காதீர்கள். ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் வரும்.

ஜூன் 3

"கருங்கல் போட்டால் தொல்லை விட்டது" என்று ஒரு ஐயா. உண்மைதான் ஐயா. எங்கள் வீட்டிலும் அடுப்புப் பக்கம் கருங்கல்தான், மற்றப் பக்கம்தான் மரம். மரத்தில் கேத்தலை வைப்பதில்லை. சாதாரண எபொக்சி 60 பாகை செல்சியஸ் அளவிலேயே இளகத் தொடங்கிவிடும். கொதித்த தண்ணீர் 100. நிரப்பிய கணுவின் மேல் சூடான சட்டியை வைத்து எடுத்தால் அடித்தட்டின் வட்டம் அதில் பதிந்து கிடக்கும்.

இன்னொன்று, குசினிக்காரருக்கு மட்டும் தெரிந்த எதிரி: மஞ்சள். நன்கு எண்ணெய் ஏறிய தேக்கில் மஞ்சள் தூள் கொட்டினால் துடைத்துவிடலாம். டின் பில்லர் அதைக் குடித்துக்கொள்ளும். வெளிறிய புள்ளி மஞ்சள் புள்ளியாகிவிடும். சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்து மரத்தைக் கெடுக்காதீர்கள். மஞ்சளின் நிறம் வெயிலில் போகும். ஜன்னல் திறந்து வெளிச்சம் படவிட்டால் தானாகவே மங்கும்.

ஜூன் 4

தேங்காய் எண்ணெய் பூசலாமா என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம். அது காய்கிற எண்ணெய் இல்லை. மேலே பிசுபிசுத்து, கொஞ்ச நாளில் காறல் மணம் வரும். ஆளி விதை எண்ணெய் காயும். அதைத் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், தானாகச் சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது. தண்ணீரில் நனைத்து வெளியே விரித்துக் காயவிட்ட பிறகுதான் குப்பைக்கு.

ஜூலை 8

கச்சான் தொடங்கியதிலிருந்து இதே முறைப்பாடு. உவர்மலையிலிருந்து ஒருவர்: "மார்கழியில் வடிவாக நிரப்பிய வெடிப்பு, இப்போது பில்லருக்குப் பக்கத்திலேயே மயிரளவு திறந்திருக்கிறது. வெடிப்பு வளர்கிறதா?"

பெரும்பாலும் வளரவில்லை. தென்மேல் பருவக்காற்று தன் மழையை மலைக்கு அந்தப் பக்கம் கொட்டிவிட்டு, காய்ந்து சூடாகி எங்கள் பக்கம் இறங்குகிறது. அதுதான் கச்சான். எங்கள் உதடு வெடிக்கிறது, பலகை சுருங்குகிறது. நீளவாட்டில் மரம் அசையாது என்றே சொல்லலாம், அகலவாட்டில்தான் அசையும். பச்சைத் தேக்கு முற்றாகக் காயும்போது, ஆண்டு வளையத்தோடு ஒட்டிய திசையில் 5.8 வீதம் சுருங்கும், வளையத்துக்குக் குறுக்கே 2.5 வீதம். 2 அடி அகலப் பலகை, உள்ளே இருக்கும் ஈரம் 4 வீதம் இறங்கியது என்று வைத்துக்கொள்வோம். மரத்தின் பக்கவாட்டில் அரிந்த பலகை என்றால் கிட்டத்தட்ட ஒன்றரை நூல் (ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒன்று) சுருங்கிவிடும். வளையம் செங்குத்தாக நிற்கும்படி அரிந்த பலகை அதில் பாதிக்கும் குறைவு. தேக்கு அமைதியான மரம், அதற்கே இந்தக் கணக்கு.

இறுகிப்போன பில்லர் அந்த அசைவோடு போகாது. ஏதோ ஒரு விளிம்பில் விட்டுவிடும். மாரியில் வெடிப்பு ஒடுங்கியிருக்கும்போது நிரப்பினால் கச்சானில் பக்கத்தில் திறக்கும். கச்சானில் அகன்றிருக்கும்போது நிரப்பினால் மாரியில் மரம் ஊதிப் பில்லரை நெரிக்கும்.

மே மாதம் எபொக்சி பற்றி எழுதியதைக் கணுவுக்கும் குழிக்கும் என்று வாசியுங்கள். பலகையின் முனையில் இருந்து ஓடும் வெடிப்புக்கு நான் இப்போது மெழுகுதான் வைக்கிறேன். தேன்மெழுகோடு கொஞ்சம் குங்கிலியம், கறுப்புப் பொடி சேர்த்து உருக்கி, சூடாக விட்டு, ஆறியதும் பிளாஸ்டிக் அட்டையால் வழித்துவிடுகிறேன். அசைந்தாலும் விடாது. பிதுங்கினால் மறுபடி வழித்துவிடலாம், பள்ளம் விழுந்தால் மறுபடி வைக்கலாம். அகன்ற வெடிப்பு என்றால் மெழுகு போதாது. நடு ஒடுங்கிய கட்டை ஒன்றை, வண்ணத்துப்பூச்சி வடிவில், வெடிப்புக்குக் குறுக்கே இறக்கிப் பூட்ட வேண்டும்.

அடியில் பலகையை எப்படிப் பூட்டியிருக்கிறது என்றும் குனிந்து பாருங்கள். நான்கு பக்கமும் ஸ்க்ரூ முடுக்கி அசையவிடாமல் பிடித்திருந்தால் எந்தப் பில்லரும் உதவாது, மரம் தன் வழியைத் தானே வெடித்துத் தேடிக்கொள்ளும். ஸ்க்ரூ ஓட்டை அகலவாட்டில் நீண்டிருக்க வேண்டும்.

ஜூலை 9

பேச்சு கப்பலுக்குப் போய்விட்டது. "திருகோணமலை என்று பெயர் வைத்த பிரிட்டிஷ் போர்க்கப்பல் இங்கே நம் மரத்தில் கட்டியதுதானே?" இல்லை தம்பி. அது 1817 ஒக்டோபரில் பம்பாயில் நீரில் இறக்கிய கப்பல், மலபார்த் தேக்கு. இன்னும் இங்கிலாந்தில் ஹார்ட்டில்பூலில் மிதக்கிறது. பெயர் மட்டும் எங்களுடையது.

எங்கள் மரம் என்று பெருமைப்படுவதென்றால் சாவண்டலை இருக்கிறது, சிங்களத்தில் ஹல்மில்ல. ஆங்கிலேயர் அதற்குத் திருகோணமலை மரம் என்றே பெயர் வைத்திருந்தார்கள். சென்னைக் கரையில் அலையைத் தாண்டிப் போய்வந்த மசூலாப் படகுகளுக்கு இங்கிருந்துதான் பலகை போனது. அந்தப் படகில் பலகையைப் பலகையோடு தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள், அலை அடித்தால் வளைந்து கொடுக்கும். நேற்று எழுதியதைத்தான் அவர்கள் கடலில் செய்திருக்கிறார்கள்: அசைகிற பொருத்தில் இறுகுகிற சாமானை வைக்காதே.

ஓகஸ்ட் 26

கிண்ணியா நானா ஒருவர், பழைய ஓடாவி, எனக்குத் தவறிப்போன ஒன்றைப் பிடித்துத் தந்தார்: "தம்பி, ஓட்டையை நிரப்பச் சொல்றீங்க, உள்ளே ஆள் இருக்கா இல்லையா என்று பார்க்கச் சொல்லலையே."

சரியான கேள்வி. ஊசித்துளை அளவில், ஒன்று இரண்டு மில்லிமீட்டரில் ஓட்டைகள் இருந்தால் அது உளுத்த மரமாக இருக்கலாம். நிரப்ப முன் துளைக்குக் கீழே கறுப்புக் கடதாசி விரித்துச் சில நாள் விடுங்கள். கோதுமை மா அளவுக்கு மெல்லிய தூள் விழுந்தால் புழு உயிரோடு இருக்கிறது. மேலே பில்லர் அடைத்தால் அது பக்கத்தில் இன்னொரு ஓட்டை போட்டு வெளியே வரும், அவ்வளவுதான். இந்த வண்டு மரத்தின் வெளிறிய புறப்பகுதியில் உள்ள மாச்சத்தைத் தின்று வாழ்வது. வைரத்துக்குள், அதாவது நடுவில் உள்ள கெட்டி மரத்துக்குள், அதற்குச் சாப்பாடு இல்லை. தேக்குப் பலகையின் ஓரத்தில் வெள்ளைப் பட்டை ஓடினால் அங்கேதான் முதலில் தேட வேண்டும். மருந்து வெறும் மரத்துக்கு அடிக்க வேண்டியது. பொலிஷ் போட்ட மேல் அடித்தால் உள்ளே இறங்காது.

நானா இன்னொன்றும் சொன்னார். வெள்ளைப் பட்டை உள்ள பலகையைக் குசினிக்கு எடுக்கவே வேண்டாம், அரிந்து கழித்துவிடு என்று. விலையைப் பார்த்தால் எல்லோராலும் முடியாது. பட்டையை அடிப்பக்கம் போகும்படி திருப்பிப் போட்டு மருந்து அடித்துவிட்டால் போதும் என்பது என் எண்ணம். அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

செப்டெம்பர் 10

சந்தேகம் வந்தால் கடும் நிறம் என்று மே மாதம் எழுதியதை இரண்டு மரத்துக்குத் திருத்த வேண்டும்.

ஒன்று றப்பர் மரம். இப்போது கடைகளில் பிங்கர் ஜொயின்ட் போர்ட் (சிறு துண்டுகளை விரல் கோத்ததுபோல் ஒட்டிய பலகை) என்று வருவது பெரும்பாலும் அதுதான், வெளிறிய மரம், ரேகையும் அடக்கம். அதில் கறுப்புக் குத்து வைத்தால் பீடி நெருப்புப் பட்ட இடமாகத் தெரியும். அங்கே ஈர நிறத்துக்கு ஒரு அரைப்படி கூட்டினால் போதும்.

மற்றது பலா. அரிந்த புதிதில் நல்ல மஞ்சள், பிறகு வெளிச்சம் பட்டுப் பட்டு மண்ணிறமாக இறங்கும். புதுப் பலகையின் மஞ்சளுக்குப் பொருத்தி நிரப்பியவர்களின் பான்ட்ரியை ஒரு வருடம் கழித்துப் போய்ப் பாருங்கள். மரம் இறங்கிவிட்டது, பில்லர் மஞ்சளாகவே குந்தியிருக்கிறது. பலாவுக்கு நிறம் கலக்கும்போது வீட்டில் கிடக்கும் பழைய பலாக் கதிரை ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கலக்குங்கள்.

செப்டெம்பர் 11

மெல்பேர்னில் இருக்கும் மச்சான் இதையெல்லாம் வாசித்துவிட்டுச் சிரிக்கிறார். அங்கே கணு, பிசின் நரம்பு எவ்வளவு இருக்கிறது என்பதை வைத்தே பலகைக்குத் தரம் பிரிக்கிறார்களாம். குறை கூடின தரத்தை விரும்பிக் கேட்டு வாங்குகிறவர்களும் நிறையப் பேராம். இங்கே அப்படித் தரம் எழுதிக் கொடுக்கும் பழக்கம் பட்டறைகளில் இல்லை. அதனால் ஓடர் கொடுக்க முன் பலகையை நேரில் போய்ப் பாருங்கள், கையில் ஒரு தண்ணீர்ப் போத்தலோடு. நனைத்துப் பார்த்து, எந்தக் கணு இருக்கலாம், எது வேண்டாம் என்று சோக்கால் வட்டம் போட்டுப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். விளிம்பில் வரும் கணுவை விடாதீர்கள். துருவலையைப் பூட்டி முடுக்குகிற இடம் அது, ஒரு நாள் துண்டோடு கையில் வரும்.

டிசம்பர் 2

மாரி. எதிர்பார்த்தபடி இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள்: கச்சானில் நிரப்பிய கோடு இப்போது மட்டத்துக்கு மேலே எழும்பி, விரல் வைத்தால் தட்டுப்படுகிறது. தேய்க்காதீர்கள்! இப்போது தேய்த்து மட்டமாக்கினால் அடுத்த கச்சானில் அதே இடம் பள்ளமாகும். மாசி வரை பொறுங்கள்.

லிங்கநகர் அக்காவின் செய்தி: செய்தவர் முகம் சுளிக்காமல் பலகையை எடுத்துப் போய்ப் பொருத்தைப் பிரித்து மறுபடி ஒட்டித் தந்திருக்கிறார். புள்ளிகளைக் கடும் நிறமாக்கியாயிற்று, தங்கச்சிக்கு இப்போது எது கணு, எது பில்லர் என்று தெரியவில்லையாம். சிங்க் பக்கத்தில் ஒன்று மட்டும் கழன்றுவிட்டது. அதற்குக் காரணம் பில்லர் இல்லை அக்கா. சிங்க் இறக்க வெட்டிய விளிம்பில் மரத்தின் வெட்டுமுகம் திறந்து கிடக்கிறது, அது தண்ணீரை உறிஞ்சுகிறது. சிங்கைக் கழற்றி, அந்த விளிம்பு நன்கு காய்ந்த பிறகு, எபொக்சி மெல்லிதாக இரண்டு மூன்று பூச்சு கொடுங்கள். அதற்குப் பிறகு கழன்றதை நிரப்பலாம். மாறிச் செய்தால் மறுபடி கழலும்.

டிசம்பர் 16

இடித்த வீட்டுக் கூரையின் பாலை மர வளை, கைமரம் வைத்துப் பலகை செய்யலாமா என்று தம்பலகாமத்திலிருந்து கேட்டிருக்கிறார்கள். செய்யலாம், அதைவிடக் கெட்டி மரம் கிடைக்காது. ஆணி ஓட்டைகளைச் சுற்றிக் கருநீலக் கறை இருக்கும், இரும்பும் மரத்தின் துவர்ப்பும் சேர்ந்து வந்தது. அந்தக் கறையை எடுக்க மினக்கெடாதீர்கள். ஓட்டையைக் கறுப்பாகவே நிரப்பினால் கறையும் அதுவும் ஒன்றாகிவிடும். ஓட்டையை அடைக்க வட்டக் குச்சி அடிக்க வேண்டாம். குச்சியின் வெட்டுமுகம் மேலே நிற்கும், எண்ணெயை இழுத்துக் கறுத்து, குச்சி என்று காட்டிக்கொடுத்துவிடும். மரத்தாலேயே அடைக்க ஆசை என்றால் அதே பலகையின் முகத்திலிருந்து வட்டம் வெட்டி, ரேகையை ஒரே பக்கம் பார்க்க வைத்து ஒட்டுங்கள்.

அரிய முன் ஒரு காந்தத்தை மரம் முழுக்க ஓட்டிப் பாருங்கள். தலை முறிந்த ஆணி உள்ளே இருந்தால் காந்தத்துக்கும் சில நேரம் தப்பும், மெஷின் அலகு போய்விடும். அலகின் செலவு மரம் கொண்டுவந்தவருக்கா, மில்காரருக்கா என்பதை மரத்தை இறக்க முன்பே பேசிக்கொள்ளுங்கள்.